ரேவதியின் முகத்தைப் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு

சிறுவயதில் மயங்கிப் பார்த்த படங்களைப் பெரியவர்களான பிறகு திரும்பப் பார்க்கவே கூடாது என்று, ஓசூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். கைதட்டல் கிடைத்தது. அதை அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதியும் கொடுத்தார்கள். அதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது 1957-இல் வந்த 'மாயா பஜார்'. தந்திரக் காட்சிகள் இன்றைக்குப் பல்லிளிக்கின்றன. கதை என்று சொல்ல எதுவும் இல்லை. இருக்கும் கொஞ்சமும் வியாசர் எழுதாத கட்டுக்கதை. அடிப்படையில் அது தெலுங்குப் படம். காட்டில் வாழ்பவர்களைப் பெருந்தீனிக்காரர்களாகக் காட்டிச் சிரிக்கிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டாம். இதுதான் அவருடைய தீர்ப்பு.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு எழுத விரும்பவில்லை. ஒருவருக்கு ஒரு படம் பிடிக்காமல் போகலாம், அதில் சண்டைக்கு இடமில்லை. பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு எழுதி, அந்தத் தீர்ப்பை ஊரார் பிள்ளைகள் தலையிலும் கட்டுவதுதான் பொறுக்கவில்லை.

பார்க்காத படம் என்று நான் சொல்வது வசை அல்ல. அவரே எழுதியிருக்கிறார். எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், அத்திப்பள்ளி டோல்கேட் நெரிசலில் நிற்கும்போது, கைபேசியில், துண்டு துண்டாக, பாட்டு வந்தால் தள்ளிவிட்டுப் பார்த்தாராம். பாட்டைத் தள்ளிவிட்டு மாயா பஜாரில் என்ன பார்க்க முடியும்? கடோத்கஜன் கதாநாயகி வத்சலாவின் உருவத்தில் அந்தப்புரத்தில் நடமாடும் பகுதியில், கல்யாணப் பெண் பாடும் பாட்டுக்கு நடுவில் அவளுடைய குரல் தடுமாறி ஆண்குரல் எட்டிப் பார்க்கும். வத்சலாவாக நடித்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சாவித்திரி அந்த ஒரு பாட்டுக்குள் இரண்டு உடம்புகளை வைத்து நடித்தார். கை நளினமாக எழும். எழுந்த கை இல்லாத மீசையைத் தேடிப் போகும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி நளினமாகிவிடும். நடையிலும் அப்படித்தான். கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் தோள் அகலம் அந்தச் சின்ன உருவத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு அடியிலும் காணலாம். தமிழ்த் திரையில் ஒரு நடிகை செய்த மிகக் கடினமான வேலைகளில் ஒன்று அது. நண்பர் அதைத் தள்ளிவிட்டுப் போய், படத்தில் நடிப்பு என்று எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும்.

தந்திரக் காட்சிகளுக்கு வருகிறேன். லட்டுகள் தாமாக எழும்பி ரங்காராவின் வாய்க்குள் போவது 'எப்படி என்று இன்றைக்குச் சின்னப் பையனுக்கும் தெரியும்' என்கிறார். தெரிந்தால் என்ன? இந்த ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஷிப்டில் ஏதோ ஒரு பொருளைச் செய்கிறவர்கள். சிப்காட்டில் டூல் ரூமில் காலம் கழித்தவன் நான். ஒரு வேலை எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால் அந்த வேலையின் மீது மதிப்பு கூடும் என்பதுதான் எங்கள் அனுபவம். செய்முறை தெரிந்ததும் அலட்சியம் வருகிறதென்றால், அந்த ஆள் தன் கையால் எதையும் செய்து பார்த்ததில்லை என்று பொருள்.

துவாரகை நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடபழனியில் விஜயா-வாகினி ஸ்டுடியோவுக்குள், ஏறத்தாழ 50 அடிக்கு 60 அடி இடத்தில், சுமார் 300 குட்டி வீடுகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் தனியாக ஒரு சின்ன மின்விளக்கு வைத்தார்கள். கலை இயக்குநர்கள் மா. கோகலேயும் கலாதரும். தச்சர், பெயிண்டர், லைட்மேன் என்று சுமார் 400 தொழிலாளர்கள் இந்தப் படத்தில் வேலை செய்தார்கள். கணினி இல்லை. பிழை வந்தால் அழித்து எழுத வழியில்லை. மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி ஃபிலிம் செலவு. இயக்குநர் கே.வி. ரெட்டி படப்பிடிப்புக்கு முன்பே நடிகர்களை ஒத்திகை பார்க்க வைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் பாட்டுக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் குறித்து, படத்தின் மொத்த நீளத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டவர். சைக்கிள் டைம் பார்த்து லைன் அமைக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த மனிதரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. சிறுவனாக இருந்தபோது அந்த நகரத்தைப் பார்த்து வாய் பிளந்தேன். இன்றைக்கு அந்த முந்நூறு விளக்குகளுக்கு ஒயர் இழுத்தவன் எங்கே உட்கார்ந்து இழுத்திருப்பான், பல்பு ஒன்று ஃப்யூஸ் ஆனால் எந்த வீட்டின் கூரையைக் கழற்றியிருப்பான் என்று பார்க்கிறேன். முன்பைவிட இன்றைக்குத்தான் எனக்கு அந்தக் காட்சி பெரிதாக இருக்கிறது.

நிலவில் படகு போகும் பாட்டையும் அவர் தள்ளிவிட்டார். கொஞ்சம் எண்ணூரில் வெளியே எடுத்து, மீதியை ஸ்டுடியோ கூரைக்கு அடியில் விளக்கு வைத்து எடுத்தார் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. எது வெளி, எது உள் என்று இன்றும் கண் பிரித்துச் சொல்லாது. கருப்பு வெள்ளையில் அந்த நிலவொளிக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. அந்தப் படகில் இளசுகள் மட்டும் போகவில்லை என்பதும் பெரியவனாகப் பார்க்கும்போதுதான் உறைக்கும். அபிமன்யுவும் வத்சலாவும் போகிறார்கள், கண்ணனும் ருக்மணியும் போகிறார்கள், கல்யாண வயதில் மகளை வைத்திருக்கும் பலராமனும் ரேவதியும்கூட அதே நிலவில் அதே படகில் போகிறார்கள். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது படகு மட்டும்தான். நடுவயதில் தம்பதிகள் படகில் போவது எவ்வளவு அரிய காட்சி என்று இப்போது தெரிகிறது.

ரேவதியிடம் வந்துவிட்டேன். 'கதையே இல்லை' என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் அவளிடம்தான் இருக்கிறது.

பலராமனின் மகள் வத்சலா. அவள் பலராமனின் தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யுவுக்கு என்று சிறுவயதிலேயே பேச்சு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை. பிறகு சூதாட்டத்தில் பாண்டவர்கள் எல்லாவற்றையும் இழந்து காட்டுக்குப் போகிறார்கள். சுபத்திரை மகனோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்கிறாள். வந்த கொஞ்ச நாளில் அண்ணியின் முகம் மாறுகிறது. ரேவதி கத்தி பேசுகிறவள் அல்ல. அவளுக்குக் கணக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். ராஜ்ஜியம் இல்லாத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப அவளுக்கு மனமில்லை. அந்த நேரத்தில் துரியோதனன் வீட்டிலிருந்து அவன் மகன் லட்சுமண குமாரனுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் பெண் மீது ஆசை இல்லை. நாளைக்கு யுத்தம் என்று வந்தால் யாதவர்கள் தங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

இது கதை இல்லையா? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கம்பெனி மூடியதும் நிச்சயம் செய்த வீட்டிலிருந்து ஆள் வந்து தட்டைத் திருப்பிக் கேட்டது இந்த ஊரில் நடந்திருக்கிறது. ரோட்டோரம் இருந்த மானாவாரி நிலம் கோடிக்கு விலைபோனதும், 'சொந்தத்தில் கொடுத்தால் பிள்ளைக்குக் குறை வரும்' என்று மருத்துவக் காரணம் கண்டுபிடித்த அத்தைகளும் மாமன்களும் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்யலாமா கூடாதா என்பது நியாயமான கேள்வி, மருத்துவர் சொல்வதைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நிலம் விலைபோகும் வரை அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாததைத்தான் நான் சொல்கிறேன். புருஷன் வீடு நொடித்துப்போய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாய்வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பெண்ணுக்கு அண்ணியிடமிருந்து கிடைக்கும் முதல் டம்ளர் காப்பியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். சுபத்திரை அந்தப் பெண்தான். மாயாஜாலப் படம் என்று பெயர் வாங்கிய ஒரு படம், இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறது.

இதற்கு முன்கூட்டியே அடிபோடும் காட்சி ஒன்று உண்டு. வத்சலாவின் பிறந்தநாளுக்குக் கண்ணன் ஒரு பெட்டியைக் கொடுக்கிறான். பெயர் பிரியதர்சினி. திறந்து பார்ப்பவருக்கு எது மிகவும் பிரியமோ அது அதில் தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமனுக்கு அவனுடைய சீடன் துரியோதனன் தெரிகிறான். ரேவதிக்கு நகைக்குவியல் தெரிகிறது. கண்ணனுக்குச் சகுனி தெரிகிறான். சின்ன வயதில் அதை மந்திரப் பெட்டி என்று பார்த்தேன். இன்றைக்குப் பார்த்தால், ஒரு குடும்பம் உடையப் போவதன் காரணங்கள் முழுவதும் அந்த ஒரு காட்சியில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. தாய்க்கு மகளைவிட நகை பிரியம், தகப்பனுக்குத் தங்கை மகனைவிடச் சீடன் பிரியம். எல்லோரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியைக் கைமாற்றுகிறார்கள். பிங்களி நாகேந்திர ராவ் எழுதிய கதையின் வலு இது. நண்பருடைய கட்டுரையில் பிரியதர்சினியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'இன்றைய லேப்டாப் போல ஒரு பெட்டி.' அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வியாசர் எழுதவில்லை என்பது உண்மைதான். வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராடன் மகள் உத்தரையை. அதனால் என்ன குறைந்துவிட்டது? நம் ஜனங்கள் பாரதத்தை ஏட்டில் மட்டும் வைத்திருக்கவில்லை. அபிமன்னன் சுந்தரி மாலை பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' என்று நாடகம் எழுதினார். கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 1885-இல் தொடங்கிய நாடகக் குடும்பம் இதே கதையை மேடைத் தந்திரங்களோடு தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தது. பாபுராவ் பெயிண்டர் 1921-இலேயே 'சுரேகா ஹரண்' என்று ஊமைப்படமாக எடுத்தார். பின்னாளில் இயக்குநராகப் பெயர் பெற்ற சாந்தாராம் முதன்முதலில் நடிகராக முகம் காட்டியது அதில்தான். மராட்டியத்திலிருந்து மதுரை வரைக்கும் இத்தனை பேர் தங்கள் சொந்தக் கதையாக வளர்த்த ஒன்றை, 'மூலத்தில் இல்லை' என்று தள்ளுகிறவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பாரதம் நடக்கிறது. பகலில் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசியில் மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுகளம். அங்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் போய், இதெல்லாம் வியாசரில் இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அந்தக் கிழவிக்குத் தெரிந்த இன்னொன்று நண்பருக்குத் தெரியவில்லை. மாயா பஜாரை முழுவதும் சிரித்துப் பார்க்க முடிவது சிறுபிள்ளைகளால் மட்டும்தான். பாரதம் தெரிந்த பெரியவருக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். இந்தக் கல்யாணக் கலாட்டாவில் ஓடியாடும் மூன்று பேரைப் பாருங்கள். மணமகன் அபிமன்யு. ஏமாந்துபோகும் மாப்பிள்ளை லட்சுமண குமாரன். எல்லாவற்றையும் நடத்திவைக்கும் கடோத்கஜன். பாரதப் போர் 13-ஆம் நாள் சக்கர வியூகத்துக்குள் லட்சுமண குமாரன் அபிமன்யு கையால் சாகிறான். அதே நாள், அதே வியூகத்துக்குள், பலர் சேர்ந்து அபிமன்யுவைக் கொல்கிறார்கள். மறுநாள் இரவு கர்ணனின் சக்தி ஆயுதம் கடோத்கஜனைச் சாய்க்கிறது. அர்ச்சுனனுக்காக வைத்திருந்த ஆயுதம் கடோத்கஜன் மீது செலவாகிவிட்டதே என்று கண்ணன் மகிழ்ந்ததாகவும் பாரதம் சொல்கிறது. இந்தப் படத்தில் அதே கண்ணன்தான் அதே கடோத்கஜனின் உதவியால் தங்கை மகனுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறான். என்.டி. ராமாராவின் கண்ணன் படம் முழுக்கப் புன்னகையோடு இருக்கிறான். எல்லாம் தெரிந்தவன் என்பதால் அந்தப் புன்னகைக்கு ஒரு கனம் உண்டு. கூத்தில் அபிமன்னன் சண்டை அன்று அழுத ஜனங்கள்தான் கொட்டகையில் மாயா பஜாருக்குச் சிரித்தார்கள். அவர்களுக்கு இரண்டும் தெரியும். சாகப்போகிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு போட்டு, பாட்டுப் பாடி, மந்திர நகரம் கட்டிப் பார்த்தது இந்தக் கதை. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறார் நண்பர்.

பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை என்பதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. தோற்றவர்களைக் காட்டாமல், தோல்வி அவர்களுடைய சொந்தபந்தத்தின் வீட்டு முற்றத்தில் என்ன செய்கிறது என்பதை மட்டும் காட்டியிருக்கிறார்கள். கே.வி. ரெட்டி எடுத்த அந்த முடிவு இன்றைக்கும் துணிச்சலானது.

இனி, 'தெலுங்குப் படம்.' இதில் நண்பர் சொல்வது தகவல் பிழை. தெலுங்கில் பேசி எடுத்துவிட்டுத் தமிழ்க் குரல் ஒட்டிய படம் அல்ல இது. இரண்டு மொழியிலும் தனித்தனியாக எடுத்தார்கள். தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் செய்த அபிமன்யுவைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார். ரேலங்கி செய்த லட்சுமண குமாரனைத் தமிழில் தங்கவேலு செய்தார். தமிழ் வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். தெலுங்கு 1957 மார்ச் 27-இலும் தமிழ் ஏப்ரல் 12-இலும் வெளிவந்தன. அந்தத் தேதியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மொழிவாரி மாநிலங்கள் பிறந்தது 1956 நவம்பர் 1. அதாவது யாருக்கு எந்த ஊர் என்று எல்லை பிரித்து ஆறு மாதம் ஆகவில்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற ஜனங்கள் நிறைந்த ஓசூர் தாலுகா, அன்றைய சேலம் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் நின்றது. அந்தச் சூட்டில், சென்னையில் ஒரு ஸ்டுடியோவில், தெலுங்கர்களும் தமிழர்களும் ஆங்கிலோ-இந்தியரான பார்ட்லியும் சேர்ந்து ஒரே அரங்கில் இரண்டு மொழியிலும் நடித்து எடுத்த படம் இது. கன்னடத்துக்கும் மொழிமாற்றமாகப் போனது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்க் கடோத்கஜன் பாடும் கல்யாண விருந்துப் பாட்டைக் கேட்டால், கன்னடக்காரர்கள் அதைத் தங்கள் பாட்டு என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அம்மா தெலுங்கில் முணுமுணுப்பார், நாங்கள் தமிழில் பாடுவோம், பக்கத்து வீட்டில் கன்னடத்தில் கேட்கும்.

பாகலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தி தொடங்கும் நேரம், மேடையில் இருந்த கச்சேரிக்காரர் அந்த மெட்டை எடுத்தார். முதல் சுற்று தெலுங்கில், அடுத்தது தமிழில், கடைசியில் கன்னடத்தில். சாம்பார் வாளியோடு வரிசைக்கு நடுவில் நின்ற பரிமாறும் பையன் ஒவ்வொரு மொழிக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு வரும் இடத்தில் மூன்று மொழி இலைக்காரர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். கடைசி இலைக்குச் சாம்பார் வந்து சேர நேரமானது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லைப்புறத்து ஆட்களின் மயக்கம் என்று நண்பர் எழுதியிருப்பது இதைத்தான். நான் அதை எங்கள் சொத்து என்கிறேன். ஒரு பாட்டை மூன்று மொழியிலும் முழுசாகத் தெரிந்துவைத்திருக்கும் ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது?

அந்த மெட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலும் அது எந்த மொழிக்காரரின் வேலிக்குள்ளும் அடங்காது. 1940-களில் சுரபி நாடகக்காரர்கள் கொடுத்த கிராமபோன் தட்டில் அது இருந்தது. அதன் சிரிப்பு 1922-இல் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் பாடிய சிரிக்கும் போலீஸ்காரன் பாட்டை நினைவூட்டுவதை இசை தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தப் போலீஸ்காரனுக்கும் முன்னோடி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1890-களில் ஒலிப்பதிவு உலகத்தின் முதல் கருப்பின நட்சத்திரமான ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் பாடிய சிரிப்புப் பாட்டு. வர்ஜீனியாவிலிருந்து கிளம்பிய ஒரு சிரிப்பு, லண்டன் வழியாக ஆந்திர நாடக மேடைக்கு வந்து, வடபழனியில் திருச்சி லோகநாதனின் தொண்டையில் தமிழாகி, நம் பந்தியில் வந்து இறங்கியிருக்கிறது. இதில் போய் எவனுடையது என்று பட்டா கேட்பது வெட்கக்கேடு.

காட்டுவாசிகளைக் கேலி செய்கிறது என்பது நண்பரின் கட்டுரையில் கனமான வாதம். அதைப் பொறுப்பாகவே எதிர்கொள்ள வேண்டும். நம் சினிமா மலைவாழ் மக்களை இலைதழை கட்டிவிட்டு ஆடவைத்துக் கேவலப்படுத்தியது நிறைய. அஞ்செட்டி, தளி மலைப்பக்கம் இருளர் மக்களோடு பழகிய யாருக்கும் அது உறுத்தும். அந்தப் படங்களை அவர் அடித்தால் நானும் சேர்ந்து அடிப்பேன். மாயா பஜாரில் நிலைமை நேர் எதிர். அரண்மனைக்காரர்கள் வாக்கு தவறுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், பெண்ணைப் படைபலத்துக்கு விலையாகக் கேட்கிறார்கள். ஒண்ட இடமில்லாமல் காட்டுக்கு வரும் சுபத்திரையை, யாரென்று தெரியாமல் முதலில் எதிர்த்து நின்று, தெரிந்ததும் மனதார மன்னிப்புக் கேட்டு, தன் வீட்டில் வைத்துக்கொள்வது கடோத்கஜனும் அவன் தாய் இடும்பியும்.  கடோத்கஜன் சாப்பிடுவது அவனுடைய குறையாகக் காட்டப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெருமைக்காகக் குவித்துவைத்த விருந்தை, தனியாளாக, ஒவ்வொரு பதார்த்தத்தையும் ரசித்து, பாடிக்கொண்டு காலி செய்கிறான். ரங்காராவின் கண்ணில் அந்த நேரத்தில் பசி இல்லை, வெற்றி இருக்கிறது. அதைப் பார்த்துப் 'பெருந்தீனி' என்று எழுதுகிறவர்தான் காட்டுக்காரனைக் கேவலமாகப் பார்க்கிறார். படம் அப்படிப் பார்க்கவில்லை.

குறை இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. லட்சுமண குமாரனின் அசட்டுத்தனத்தை வைத்து ஓட்டும் நகைச்சுவை சில இடங்களில் இழுக்கிறது. கௌரவர் பக்கத்துப் புரோகிதர்களைப் பாய் சுருட்டுவதும் கட்டில் கவிழ்ப்பதும் இரண்டாம் தடவை வரும்போது அலுக்கிறது. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். அவரோ படத்தின் பலமான இடங்களாகப் பார்த்து அடித்திருக்கிறார்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கருப்பு வெள்ளைப் படத்தில் இன்றைய பிள்ளைகள் உட்கார மாட்டார்கள், வண்ணம் ஏற்றினாலாவது பரவாயில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். என் தங்கையின் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பெரிய திரையில், விளக்கை அணைத்து, கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டுப் போட்டேன். லட்டு பறக்கும்போது சிரித்தார்கள். கடைசிப் பிள்ளை தூங்கிப்போனான். பெரியவள் மட்டும், சுபத்திரை தாய்வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில், 'அவங்க அண்ணனே ஏன் தாத்தா ஒண்ணும் சொல்லல?' என்று கேட்டாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு எழுந்த கேள்வி. பலராமனைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனம் எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்றா நம் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறோம்?

வண்ணம் ஏற்றிய கதையும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தெலுங்குப் பதிப்பைக் கணினியில் வண்ணமேற்றி 2010 ஜனவரியில் வெளியிட்டார்கள். தமிழ்ப் பதிப்புக்கு அது நடக்கவில்லை. வண்ணம் எனக்கு வேண்டாம். பார்ட்லியின் நிலவுக்கு யாரும் பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சாக்கிட்டுத் தெலுங்குப் பதிப்பின் கீறல்களும் ஒலியும் சுத்தம் செய்யப்பட்டன. ஜெமினியும் தங்கவேலுவும் நடித்த, ராமையாதாஸ் எழுதிய தமிழ்ப் பதிப்போ நமக்கு மங்கலாகவும் இரைச்சலோடும்தான் பார்க்கக் கிடைக்கிறது. தெலுங்குப் படம், நம்முடையது அல்ல என்று நம்மவர்களே எழுதிக்கொண்டிருந்தால் அதைச் செப்பனிட யார் முன்வருவார்கள்?

நண்பருக்கு வேகமாக எழுத வருகிறது, எழுதியதை அச்சடித்து நாலு பேர் கையில் சேர்க்கவும் வழி இருக்கிறது. அதே வேகத்தில் தமிழ் மாயா பஜாரின் நெகட்டிவ் இப்போது எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கொண்டு அதைச் செப்பனிட வழி உண்டா என்று விசாரித்து ஒரு மனு எழுதட்டும். நானும் கையெழுத்துப் போடுகிறேன். சிப்காட்டில் மூன்று மொழிக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.